விளக்குக்காரரின் இடது கை

பல் துலக்கிக்கொண்டே மின்னஞ்சலைத் திறந்தது என் தப்பு. வாய் நிறைய நுரையோடு நின்று படித்தேன். நான் அனுப்பிய அட்டைப்படம் இயந்திரம் உருவாக்கியதோ என்று பதிப்பகத்தாருக்குச் சந்தேகம் எழுந்திருக்கிறதாம். படத்தில் விளக்குக்காரரின் இடது கையில் ஆறு விரல்கள் இருக்கின்றனவாம். அன்று மாலை வீடியோ அழைப்பில் விளக்க வேண்டுமாம். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

நுரையை விழுங்கிவிட்டேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். கணினியோடு இணைத்த பலகையில், அதற்கென்று உள்ள பேனாவால் வரைவேன். கணினியில் வரைந்தாலும் வரைவது கைதான் என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. ஒரு காலத்தில் நிற்க நேரமில்லாமல் வேலை வந்தது. பிறகு நாலு வார்த்தை தட்டினால் படத்தைத் துப்பும் இயந்திரங்கள் வந்தன. எனக்கு வேலை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நைசாகக் கழன்றுகொண்டார்கள். அவர்களில் ஒருவர், இயந்திரம் போட்ட படத்தை என்னிடமே அனுப்பி, 'கண்ணை மட்டும் கொஞ்சம் சரி பண்ணித் தாங்களேன்' என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இந்தப் பதிப்பகம் மட்டும் வேறு மாதிரி. 'மனிதக் கை வரைந்த படங்கள் மட்டுமே' என்று அட்டையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு விளக்குக்காரரைப் பற்றிய கதைத் தொடர். முதல் புத்தகம் ஒழுங்காக வெளிவந்தால் மற்றவையும் எனக்குத்தான். ரொம்ப நாளைக்கு யாரிடமும் போய்ப் பல்லைக் காட்ட வேண்டாம். இது கெட்டுப்போனால் வேலையோடு பெயரும் போகும். ஏமாற்றுக்காரி என்று ஒரு தடவை பேச்சு கிளம்பிவிட்டால், இந்தத் தொழிலில் அப்புறம் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஓடிப்போய்ப் படத்தைத் திறந்தேன். இருட்டுக் கடல், மேலே தூக்கிய விளக்கு, அதைப் பிடித்திருக்கும் கை. எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். எத்தனை தடவை எண்ணினாலும் அது குறையவா போகிறது?

அது என் அண்ணனுடைய கை.

அண்ணன் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். முன்னறை முழுக்க மோட்டாரும் பெல்ட்டும் ரப்பர் குழாயும் கிடக்கும். உள்ளறையில் நான் வரைவேன். இரண்டுக்கும் நடுவே அண்ணி எதையாவது தடுக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் திட்டியபடி நடப்பாள். அண்ணனுக்கு இடது கையில் சுண்டு விரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல் உண்டு. அதற்கும் தனியாக நகம் உண்டு. வெளியே எங்கே போனாலும் அந்தக் கையில் ஒரு எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொள்வான். அடிபட்டதா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்பான். அவன் கல்யாணப் படங்களில் ஒன்றில்கூட அந்தக் கை இருக்காது. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணியிடம் காட்டுவதற்கே அவன் படாத பாடு பட்டான்.

எனக்கோ, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன கை அதுதான். என் பிடிக்கு அடங்கியது அந்தக் குட்டி விரல் ஒன்றுதான், அதனால் அதைத்தான் பிடித்துக்கொள்வேன். மற்றவர்கள் பார்த்தால் அங்கே ஒரு விரல் கூடுதல். என் கண்ணுக்குக் கை என்றால் அப்படித்தான் இருக்கும்.

அந்த அட்டைப்படத்துக்காக அவனை எண்ணெய் டப்பாவை விளக்கு மாதிரி தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். "சீக்கிரம் வரைடி கிறுக்கி, தோள்பட்டை கழண்டுடும் போலிருக்கு" என்று முனகினான். டப்பாவை இறக்கிவிட்டுப் போகும்போது ஒன்று சொன்னான்.

"கையை மட்டும் சரி பண்ணிக்கோ."

"ம்" என்றேன். வேண்டுமென்றே மீறவில்லை. படம் முடியும்போது சரிசெய்ய எதுவும் இருப்பதாக என் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? முக்கியமாக அவனிடம் எப்படிச் சொல்வது?

சாட்சிக்கும் வழி இல்லை. கணினியில் வரையும்போது கோடு ஒரு லேயரில், வண்ணம் இன்னொன்றில், நிழல் மற்றொன்றில் என்று கண்ணாடித் தாள்களை அடுக்கின மாதிரி இருக்கும். அந்த அடுக்குகளைக் காட்டினால் படம் வளர்ந்த கதை யாருக்கும் புரியும். என் கணினி கிழடு. கொஞ்சம் பாரம் ஏறினாலும் மூச்சு வாங்கும். அதனால் படம் முடிந்ததும் எல்லா லேயரையும் ஒன்றாக அமுக்கி, ஒற்றைப் படமாக்கி வைப்பது என் வழக்கம். கூட வரைகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் கேட்டால்தானே.

மாலையில் அழைப்பு வந்தது. திரையில் இரண்டு பேர். ஒருவர் எடிட்டரம்மா. இனிமையாகப் பேசுவார், அதுவே எனக்குக் கொஞ்சம் பயம். இன்னொருவர் படங்களைச் சோதிப்பவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுவது அவருக்கு உத்தியோகம். மனதுக்குள் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தேன்.

"லேயர் ஃபைல் இருக்கா மேடம்?"

"இல்ல சார். ஒண்ணா சேத்துட்டேன்."

"ஏன்?"

"கம்ப்யூட்டர்ல இடம் இல்ல."

பூதக்கண்ணாடி எடிட்டரம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே புரிந்தது.

"சரி, இப்ப ஒரு கை வரைஞ்சு காட்டுங்க. நாங்க பாக்கறோம்."

வரைந்தேன். வருஷக்கணக்காக வரைகிற கை, அன்றைக்குப் பார்த்துச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கட்டை விரல் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. அழித்தேன். மறுபடி வரைந்தேன். வியர்வையில் பேனா வழுக்கியது.

"உங்களுக்கு வரையத் தெரியும்னு தெரியுது" என்றார் பூதக்கண்ணாடி. "இந்த அட்டையை நீங்கதான் வரைஞ்சீங்களாங்கறதுதான் கேள்வி. மனுஷங்க தப்பு பண்ணுவாங்க, ஒத்துக்கறேன். ஆனா விரலை எண்ணத் தெரியாம போகுமா? ஆறாவது விரலுக்கு நகமெல்லாம் வேற போட்டிருக்கு. இது மெஷின் பண்ற வேலை மேடம். நீங்களே ஒத்துக்கிட்டா நல்லது."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். அப்படியே வாய்க்கு இறங்கிவிட்டது.

"எங்க அண்ணனுக்கு ஆறு விரல்தான் சார்! அவனைப் பாத்துத்தான் வரைஞ்சேன்!"

முன்னறையில் மோட்டாரைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோஜனம்?

"அப்படியா? வீட்டுல இருக்காரா? கொஞ்சம் கூப்பிடுங்க."

"முடியாது."

"ஏன்?"

"அவன் காட்சிப் பொருள் இல்ல சார்."

எடிட்டரம்மா அதே இனிமையோடு சொன்னார். "எங்களுக்கு வேற வழி இல்லம்மா. காட்டலைன்னா, இயந்திரப் படம்னுதான் நாங்க எழுதி முடிக்கணும்."

கதவு திறந்தது. அண்ணன் கையில் துணி சுற்றியிருந்தது. என்னிடம் வந்து, கேமராவுக்கு முகம் தெரியாதபடி குனிந்து, தணிந்த குரலில் கேட்டான்.

"சரி பண்ணிக்கோன்னு சொன்னேன்ல?"

"நான் பாக்கவே இல்லண்ணா."

"என்னத்த பாக்கல?"

"அது கூடுதலா இருக்குன்னு. எனக்கு அது தனியா தெரியல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். துணியைப் பிரித்தான். வெளியாள் யாரும் பார்த்திராத கையைக் கேமராவுக்கு நேரே தூக்கினான்.

பூதக்கண்ணாடி முன்னால் சாய்ந்தார். "திருப்புங்க. இந்தப் பக்கம். இப்ப முகத்துக்கு முன்னாடி மெதுவா கொண்டு போங்க. வீடியோவிலயும் இப்பல்லாம் கையை மாத்திக் காட்டற வேலை நடக்குது, அதான். ஒரு பேனா எடுத்துப் பிடிங்க. சரி. அந்தக் கடைசி விரலை மட்டும் தனியா அசைங்க."

"அது தனியா அசையாது" என்றான் அண்ணன்.

"முயற்சி பண்ணுங்களேன்."

அண்ணன் முயற்சி செய்தான். விரல் லேசாகத் துடித்தது. அவன் காது இரண்டும் சிவந்து போயிருந்தன.

"போதும் சார்!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு" என்றான் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் என்ன பண்ணணும் சார்?"

பூதக்கண்ணாடி முகத்தில் ஈயாடவில்லை. "இல்ல, போதும். மன்னிச்சுக்குங்க. எங்களுக்குத் திருப்தி."

எனக்கு மூச்சு வந்தது. படம் என்னுடையது, வேலை என்னுடையது, பெயர் கெடவில்லை. அப்போதுதான் எடிட்டரம்மா தொண்டையைக் கனைத்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஒரே ஒரு சின்ன திருத்தம். விரலை அஞ்சாக்கி அனுப்பிடுங்க."

"அதான் நிஜக் கைன்னு பாத்துட்டீங்களே!"

"நாங்க பாத்தோம். புத்தகம் வாங்கறவங்க பாக்கலையே. அட்டையில மனுஷக் கைன்னு போட்டிருக்கோம். எல்லாரும் முதல்ல விரலைத்தான் எண்ணுவாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் உங்க அண்ணனை அனுப்ப முடியுமா, சொல்லுங்க."

"மாத்தலைன்னா?"

"தொடரை வேற ஒருத்தர்கிட்ட குடுக்க வேண்டியிருக்கும். கோபத்துல சொல்லலம்மா. பொழுது சாயறதுக்குள்ள அனுப்பிடுங்க, அச்சுக்குப் போகணும்."

திரை அணைந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிஜ மனிதனின் நிஜக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அது போதிய அளவு மனிதக் கையாக இல்லை என்கிறார்கள். அண்ணனோ நிதானமாகத் துணியை மறுபடி சுற்றிக்கொண்டிருந்தான்.

"அழிச்சிடு" என்றான். "நான் அன்னிக்கே சொன்னேன்."

அவனே சொன்ன பிறகு எனக்கென்ன? பேனாவை எடுத்தேன். விரலுக்குப் பின்னாலிருந்த கடலின் கருநீலத்தைத் தொட்டு, அதன் மேல் பூசினேன். இரண்டு இழுப்பு. சுண்டு விரலின் ஓரத்தில் கொஞ்சம் விளக்கொளி வைத்தேன். விரல் போய்விட்டது. அங்கே எதுவும் இருந்ததற்கான தடயமே இல்லை.

"இவ்ளோதானா?" என்றான் அண்ணன்.

முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். நான் வரைந்த எதையும் அவன் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறவனின் சிரிப்பு அது.

"நல்லாருக்குல்ல?" என்றான். "எனக்கும் ஒண்ணு அனுப்பு."

அவனுக்காக உலகத்தோடு சண்டை போடத் தயாராக இருந்தேன். அவன் அந்த உலகத்தின் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறான். அனுப்பிவிடலாம் என்று பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன்.

அண்ணி கடையிலிருந்து பையோடு உள்ளே வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல ஒரு குழாயைத் தடுக்கிவிட்டு, எங்களைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தவள், திரையைப் பார்த்ததும் நின்றாள்.

"இது யாரு கைங்க?"

"என்னோடதுதான்" என்றான் அண்ணன், அதே சிரிப்போடு.

அண்ணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "மணிக்கட்டு உங்களோடது மாதிரிதான் இருக்கு" என்றாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "இல்லங்க. இது உங்க கை இல்ல. வேற யாரோ."

குத்திக்காட்டுகிற பேச்சு இல்லை அது. விலாசம் தவறி வந்த பார்சலைத் திருப்பித் தருகிறவள் மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. சமையலறைப் பக்கம் பார்த்தான். திரையைப் பார்த்தான்.

"அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அந்தக் கடலைப் பூசினியே, அதை எடுக்க முடியுமா?"

"முடியும். ஆனா வேலை போயிடும்ணா."

"தெரியும்." துணி சுற்றிய கையைப் பார்த்தான். "வேலை உன்னோடது, போகட்டும்னு நான் சொல்லக் கூடாது. உன் இஷ்டம்தான். ஆனா கை என்னோடது."

கட்டாயப்படுத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், பழியை அவன் மேல் போட்டிருப்பேன். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நான் வாங்க நினைத்திருந்த புதுக் கணினி ஞாபகம் வந்தது. அடுத்த புத்தகத்துக்கென்று மனதில் வரைந்து வைத்திருந்த புயலும் படகும் ஞாபகம் வந்தன. கடைசியாகச் செய்ததை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடும் பொத்தானை அழுத்தினேன். விளக்கொளி போயிற்று. கருநீலம் போயிற்று. குட்டி விரல், நகத்தோடு, விளக்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்படியே அனுப்பினேன்.

எடிட்டரம்மாவின் பதில் உடனே வந்தது. அதிலும் இனிமைக்குக் குறைவில்லை. தொடர் வேறொருவருக்குப் போகிறது, என் நேர்மை மீது அவர்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, வருங்காலம் சிறக்க வாழ்த்துகள்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். மேசையில் தலையை வைத்து ஓவென்று அழுதேன். அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினேன், எடிட்டரம்மாவைத் திட்டினேன், ஒரு பாவமும் அறியாத அண்ணியையும் சேர்த்துத் திட்டினேன். அண்ணன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். படம் இன்னும் திரையில் திறந்துதான் இருந்தது. எவ்வளவு அழுதும், பேனாவை எடுத்து மறுபடி அந்த விரல் மேல் பூச எனக்கு மனம் வரவில்லை.