பெட்டி திறந்திருக்கும்போது பேசக்கூடாது

ராணி எறும்பை இடுக்கியில் பிடித்துத் தூக்கியபோதுதான் இடது மணிக்கட்டில் ஏதோ ஊர்வது தெரிந்தது. அக்கா குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. எட்டு மாதமாக அவள் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்.

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. பதினோரு வருஷம் அதே கட்டடத்தில் தரை துடைத்தவள். எறும்புப் பெட்டிகளை எட்டிப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். படித்து வந்தவர்கள் கையில் கூண்டோடு செத்துப்போன எறும்புகள் இவள் கையில் பெருகின. ஆராய்ச்சி நடத்தும் மேடம் ஒருநாள் துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு இடுக்கியைக் கொடுத்தார். அன்றிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்று கணவன் கேலி செய்வான். புரியவில்லைதான், அதில் பொய்யில்லை.

பொறித்தாடை எறும்பு லேசுப்பட்டதல்ல. இரண்டு தாடைகளையும் பக்கத்துக்கொன்றாக விரித்துப் பூட்டிக்கொண்டு அலையும். நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மயிரில் ஏதாவது பட்டால் போதும், டிக். கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கடினமான எதன்மீதாவது தாடை அடித்தால் அந்த வேகமே எறும்பைப் பின்னால் தூக்கி எறிந்துவிடும். பெட்டிச் சுவரில் வழுக்குப் பூச்சு பூசி என்ன பயன், ஏற முடியாவிட்டால் எகிறிவிடும். தாடைகூடப் போகட்டும், வாலில் கொடுக்கு வேறு. எட்டு மாதத்துக்கு முன் ஒன்று கொட்டியபோது அக்காவுக்கு உதடு வீங்கி, தொண்டை அடைத்து, பாதி உயிர் போய்த் திரும்பியது. அடுத்த தடவை இப்படித் தப்ப முடியாது என்று டாக்டர், கொட்டிய உடனே போட்டுக்கொள்ள ஓர் ஊசியை எழுதிக் கொடுத்தார். மேடத்திடம் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் மறுநாளே பழையபடி துடைப்பம்தான்.

இன்று காலையும் கணவன் அவள் பையைத் திறந்து ஊசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "வாயத் திறந்து சொல்லித் தொலையேன்" என்றான். உனக்கென்ன, நீ சுலபமாகச் சொல்லிவிடுவாய் என்று அவள் கிளம்பிவிட்டாள். பை இப்போது கதவுக்கு வெளியே கொக்கியில் தொங்குகிறது. உள்ளே பை கொண்டுவர அனுமதியில்லை.

பழைய கூட்டில் பூஞ்சை பிடித்துவிட்டதால் ராணியைப் புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. இருப்பது ஒரே ராணி. மேடத்தின் மூன்று வருஷ உழைப்பும் அதன் வயிற்றில்தான். தடித்த கையுறை போட்டால் இடுக்கியின் அழுத்தம் விரலுக்குத் தெரியாமல் ராணி நசுங்கிவிடுமோ என்று அக்கா மெல்லிய குட்டைக் கையுறையைப் போட்டுக்கொண்டாள். அதற்கும் சட்டைக் கைக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல். அங்கேதான் அந்த வேலைக்கார எறும்பு தாடையை விரித்தபடி நின்றது.

இடது கையில் கண்ணாடி மூடி, வலது கையில் ராணி. மேசைக்கு எதிரே மேடம், பேசாமல். பெட்டி திறந்திருக்கும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. மூச்சுக்காற்று பட்டால் எறும்புகளுக்கு வெறி வந்துவிடும். இந்தச் சட்டத்தைப் போட்டதே அக்காதான். மறந்து பேசிய மாணவர்களை முறைத்தே வெளியே அனுப்பியிருக்கிறாள்.

ராணியைப் பூப்போல இறக்கி வைத்தாள். வலது கை விடுபட்டது. இடுக்கி நுனியைத் தாடைகளுக்கு நடுவே காட்டினால் போதும், எறும்பு தன்னைத்தானே எறிந்துகொண்டு போய்விடும். மாணவர்களின் கையிலிருந்து எத்தனையோ முறை அப்படி விரட்டியிருக்கிறாள். யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விடும். ஆனால் அது எங்கே போய் விழும் என்பது மட்டும் அவள் கையில் இல்லை. இடுக்கியை அருகே கொண்டுபோனாள். பாதியிலேயே நிறுத்தினாள். வீட்டில் கணவன் டீ குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த டம்ளர் ஏனோ ஞாபகத்துக்கு வந்தது.

முகத்தை முடிந்த மட்டும் தோள்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மேடம், இது கொட்டினா எனக்குத் தொண்டை அடைச்சிடும். ஊசி வெளிய என் பையில இருக்கு. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

மேடம் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார். ராணி விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு மணிக்கட்டைப் பார்த்தார்.

"கைய அசைக்காதீங்கக்கா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் ஓரடி வைத்தார்.

டிக்.

கண்ணாடி மூடியின் விளிம்பில்தான் அடித்திருக்க வேண்டும். மணிக்கட்டில் எறும்பு இல்லை. மேடத்தின் பார்வை மேசையில் தேடியது, தரையில் தேடியது, மெல்ல மேலேறி அக்காவின் கழுத்துப்பட்டையில் வந்து நின்றது.