மூடி வைத்த கிண்ணங்களுக்கு வந்த பெயர்

பெயர் வைப்பது என் தொழில். எங்கள் தலைநகர் அக்ராவில் பாதிப்பேர் பல் தேய்க்கிற பேஸ்ட், வெயிலில் கடித்துக் குடிக்கிற தண்ணீர்ப் பை, சம்பளம் போய் விழுகிற ஒரு சேமிப்புக் கணக்கு எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தவள் நான்தான். இருபது வருடமாக இதே வேலை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. போன வருடம்வரை இருந்தது என்று சொல்வதுதான் நியாயம்.

போன வருடம் ஜனவரியில் பக்கத்துத் துறைமுக ஊரான டேமாவிலிருந்து துணி ஆலைக்காரர்கள் சிலர் எங்கள் விளம்பர நிறுவனத்துக்கு வந்தார்கள். கையில் புதிய டிசைன் ஒன்று. கருநீலத் தரையில் கடுகு மஞ்சள் நிறத்தில் வரிசை வரிசையாக எனாமல் கிண்ணங்கள், எல்லாமே மூடி போட்டவை. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போனது. மலிவுத் துணி குவிந்து கிடக்கிற சந்தையில் ஜனங்கள் இதைத் தேடி வந்து வாங்க வேண்டும், அதற்கு ஒரு பிராண்டை உருவாக்கிக் கொடுங்கள் என்றார்கள்.

எங்கள் முதலாளி டெரிக் அம்போன்சாவுக்கு இப்படி யாராவது கேட்டுவிட்டால் போதும், எழுந்து நின்றுவிடுவார்.

"பிராண்டுன்னா லோகோ இல்லைங்க. அது ஒரு ஆளு மாதிரி. அதுக்குன்னு ஒரு குணம் வேணும், ஒரு குரல் வேணும்."

பேஸ்டுக்கும் இதே பேச்சைத்தான் பேசினார். அப்புறம் நாங்கள் முந்நூறு பேரிடம் கருத்துக் கேட்டோம். ஐம்பத்துநாலு பக்கத்தில் நான் ஓர் அறிக்கை எழுதினேன். கிண்ணம் என்றால் சாப்பாடு, சாப்பாடு என்றால் நிறைவு, ஆகவே துணிக்குப் பெயர் 'செழிப்பு'. ஸ்பின்டெக்ஸ் சாலையில் பெரிய விளம்பரப் பலகை வைத்தோம். ஒல்லியான பெண்ணொருத்தி அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு சூரியனைப் பார்த்து நிற்பாள். கிண்ணங்கள் ஏன் மூடியிருக்கின்றன என்று மட்டும் நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

துணி அசையவே இல்லை. மார்ச் முதல் வாரம் ஆலையின் விற்பனை மேலாளர் எங்களைக் கூப்பிட்டார். ஈஸ்டருக்குள் சரக்கு போகாவிட்டால் டிசைனை நிறுத்திவிட்டு, துணியில் டிசைன் பதிக்கிற அச்சுச் சட்டங்களைக் கழுவி வேறு டிசைனுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எபோ குவான்சா, அந்த டிசைனை வரைந்தவர். இருபத்திரண்டு வருடமாக அங்கே வரைகிறார், கூட்டங்களில் வாயைத் திறந்ததே இல்லையாம். அன்று எழுந்து நின்றார்.

"ஐயா, இத மட்டும் கழுவ வேணாம். இன்னும் கொஞ்ச நாள் சந்தையில இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். மேலாளர் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பெரியவர் உட்காரவில்லை. தன் டிசைனுக்காக ஒருவர் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாள் மகோலா சந்தைக்குப் போனேன். பதினைந்து வருடமாக என் துணியெல்லாம் கோர்கோர் கடையில்தான். என் வயதுக்காரி, வாய் மட்டும் என்னைவிட நாலு மடங்கு.

"வாங்க வாங்க, பேரு வைக்கிற செனம் மேடம்! இந்த மூட்டையப் பாத்தியா? போன மாசமே வந்தது. கயிறுகூட அவுக்கல."

"ஏன், துணி நல்லா இல்லையா?"

"துணிக்கு என்னடி கொறச்சல்? பேருதான் வெளங்கல. வாங்குறவ என்ன கேக்குறா? இதக் கட்டிக்கிட்டுப் போனா நான் யாருக்கு என்ன சொல்றேன்னு கேக்குறா. 'செழிப்பு'ன்னா என்னத்தச் சொல்ல? எங்க வீட்டுல நெறயக் கெடக்கு, எல்லாரும் கைமாத்து வாங்க வாங்கன்னா?"

பக்கத்துக் கடைக்காரிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமா? என் அம்மா அப்பாவோடு பேசாமல் இருந்த நாட்களில் எந்தத் துணியைக் கட்டினாளோ அதுதான் வீட்டில் பேச்சு. 'வெளியே சிரிக்கிறேன், உள்ளே வந்து பார்' என்று ஒன்று, 'நாத்தனாரே, கொஞ்சம் நகருங்கள்' என்று ஒன்று. எல்லாம் சந்தைப் பெண்கள் வைத்த பெயர்கள். ஆலை வெறும் நம்பர் போட்டுத்தான் அனுப்பும். இதெல்லாம் தெரிந்து வளர்ந்தவள்தான் ஐம்பத்துநாலு பக்கம் எழுதினேன்.

கோர்கோர் விடவில்லை. "புள்ள பொறந்து எட்டு நாள் ஆனாத்தானே பேரு வைக்கிறோம்? தங்குமா போகுமா, யாரு சாயல்னு பாத்துட்டுத்தானே வைக்கிறோம்? நீங்க புள்ள வர்றதுக்கு முன்னாடியே பேரப் பலகையில எழுதி ரோட்டுல நட்டுட்டீங்க. அது கெடக்கட்டும், இத வரைஞ்சது யாரு? கிண்ணத்தையெல்லாம் ஏன் மூடி வச்சாரு?"

வரைந்தவரிடமே கேட்டுவிடுவதென்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை மதியம் டேமாவில் எபோ குவான்சாவின் வீட்டுக்குப் போனேன். மனைவி இறந்து வருடங்கள் ஆகிவிட்டன, தனியாக இருக்கிறார். புளித்த சோள மாவை உருட்டி அவித்த கென்கேயும் பொரித்த மீனும் மிளகாய் அரைத்ததும் எனக்கு எடுத்து வைத்தார். தனக்கும் வைத்துக்கொண்டார். அப்புறம் மூன்றாவதாக ஒரு கிண்ணத்தில் ஒரு கென்கே, மீனில் நல்ல நடுத்துண்டு ஒன்று வைத்து, மூடியைப் போட்டு அலமாரியில் வைத்தார். மஞ்சள் எனாமல் கிண்ணம்.

"யாராவது வர்றாங்களா அங்கிள்?"

"தெரியல மேடம்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் மீதியைச் சொன்னார்.

"எனக்கு ஒரே பொண்ணு, அராபா. பேங்க்ல நல்ல வேலையில இருந்தா. திடீர்னு ஒரு நாள், வேலைய விட்டுட்டேன், குமாசிக்குப் போயி முடி பின்னுற கடை போடப் போறேன்னு வந்து நின்னா. எனக்குக் கோவம் தலைக்கு ஏறிடுச்சு. 'படியத் தாண்டுனா இந்த வீட்டுல உனக்குச் சோறு கெடையாது'ன்னுட்டேன். அவ என் பொண்ணாச்சே, தாண்டிட்டா."

"அப்புறம்?"

"அன்னிக்குச் சமைச்சு எடுக்கறப்போ கை பாட்டுக்கு ரெண்டு பேருக்கு எடுத்துடுச்சு. மூடி வச்சேன். மறுநாளும் வச்சேன். ரெண்டு வருஷமாச்சு."

"அதெல்லாம் யாரு சாப்பிடுறா?"

"காலைல நான்தான். ரெண்டு வருஷமா எனக்குப் பழசுதான் மேடம்." சிரித்தார். "போன் பண்ணுனேன், எடுக்கல. அப்புறம் பண்ணப் பயம். தினம் அந்தக் கிண்ணத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், வரைய உக்காந்தா அதுதான் வருது. குமாசி சந்தைக்கும் நம்ம துணி போகுதில்ல? அவ கண்ணுல ஒரு தடவ பட்டாப் போதும்னு நெனச்சேன்."

அதற்காகத்தான் அந்தக் கெஞ்சல். வீடு திரும்பும்போது ட்ரோட்ரோ வேனில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு டிஷ்யூ கொடுத்து, ஆம்பளையா, ஆபீசா என்று கேட்டாள். ஆபீஸ் என்றேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். விளம்பரக்காரியின் புத்தி எங்கே போகும்? திங்கட்கிழமை டெரிக்கிடம் சொல்லித் தொலைத்தேன். மனிதர் நாற்காலியை விட்டுத் துள்ளினார்.

"செனம், தங்கச் சுரங்கம்! இதத்தான் நான் பிராண்டோட கதைன்னு சொல்றது. அவரையே நடிக்க வைப்போம். கிண்ணத்த மூடுற கைய மொதல்ல காட்டு, அப்புறம் கண்ணு, அப்புறம் கண்ணீரு. நாடே அழும்!"

எபோ அங்கிளுக்குப் போன் போட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வேணாம் மேடம். நாடே பாத்து, பாவம் அந்த அப்பன்னு சொல்லும். அப்போ அவ ஊரு முன்னாடி குத்தவாளி ஆயிடுவா. தப்பு பண்ணுனது நான். குத்தவாளியா நிக்க வச்சா, அவ எப்படிம்மா வீட்டுக்கு வருவா?"

டெரிக்கிடம் போய், படம் எடுப்பதாக இருந்தால் எழுத வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் கிளம்புகிறேன் என்றேன். உண்மையிலேயே கிளம்பியிருப்பேன். டெரிக் கெட்டவர் இல்லை, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "சரி, அப்போ வேற வழி சொல்லு" என்றார்.

வேறு வழி எனக்குத் தெரியாது. மறுபடியும் மகோலாவுக்குப் போனேன்.

"வரைஞ்சவரு யாருன்னு மட்டும் கேக்காத," என்றேன் கோர்கோரிடம். "வீட்டுல ஒருத்தரு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்குன்னு எடுத்து மூடி வச்ச சாப்பாடு அது. தினம் எடுத்து வைக்கிறாங்க."

கோர்கோருக்கு லாம்லே என்று ஒரு தங்கை. அம்மாவின் சாவுக்கு எந்தத் துணி எடுப்பது என்பதில் மூண்ட சண்டை, நாலு வருடமாகப் பேச்சில்லை. பக்கத்துத் தெருவில்தான் தக்காளி விற்கிறாள். கோர்கோர் எழுந்து மூட்டைக் கயிற்றை அறுத்தாள். ஆறு கஜம் அளந்து கத்தரித்து, மடித்துத் தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்தாள்.

"இது விக்கிறதுக்கு இல்ல," என்றாள்.

அந்த நேரம் ஓர் அம்மாள் வந்து, விரித்துக் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாருக்கே. பேரு என்ன?"

கோர்கோர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "உன் பங்கு அப்படியே இருக்கு," என்றாள்.

அந்த அம்மாள் துணியை விடவில்லை. "ரெண்டு எடு. எனக்கு ஒண்ணு, என் மருமகளுக்கு ஒண்ணு," என்றாள். அவளுக்கும் மருமகளுக்கும் நடுவே என்ன நடந்ததென்று நாங்கள் கேட்கவில்லை.

பெயர் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போனது. குருத்தோலை ஞாயிற்றுக்குள் மகோலாவில் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்தது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் கேப் கோஸ்ட்டிலிருந்தும் குமாசியிலிருந்தும் வியாபாரிப் பெண்கள் ஆலை வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அச்சுச் சட்டத்தைக் கழுவுகிற பேச்சை மேலாளர் அப்புறம் எடுக்கவே இல்லை. ஸ்பின்டெக்ஸ் சாலைப் பலகையை நாங்கள் சத்தமில்லாமல் இறக்கினோம். டெரிக் ஒரு விருதுக்கு எழுதிப் போட்டார், 'சந்தையின் குரலைக் கேட்ட பிராண்ட்' என்று. விருதும் வந்தது. கோர்கோர் அந்தக் கோப்பையைக் கையில் வாங்கி, இதில் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டாள். லாம்லே இப்போது மதியத்தில் அக்கா கடைக்கு வந்துதான் சாப்பிடுகிறாள்.

இவ்வளவும் நடந்தும், எபோ அங்கிளின் அலமாரியில் கிண்ணம் மூடியபடியேதான் இருந்தது. நாடு முழுக்க யார் யாரோ சமாதானம் ஆகிறார்கள், இந்த மனிதருக்கு ஒன்றும் வரவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் போன் செய்தார். "மேடம், குமாசி பஸ்ல எனக்கு ஒரு பார்சல் வந்திருக்காம். சர்க்கிள் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்றாங்க. தனியாப் போகக் கால் வரமாட்டேங்குது."

ஆபீஸ் காரில் கூட்டிப்போனேன். டிரைவரிடமிருந்து பார்சலை வாங்கிக்கொண்டு காருக்குள் வந்து உட்கார்ந்து பிரித்தார். கடிதம் ஒன்றும் இல்லை. ஒரு சட்டை மட்டும் இருந்தது. கருநீலத்தில் கடுகு மஞ்சள் கிண்ணங்கள். அங்கேயே, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டார். பொத்தான்களை நான்தான் போட்டுவிட்டேன்.

போன் அடித்தது. அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"அப்பா."

"ம்."

"சட்டை வந்துச்சா?"

"வந்துச்சு. போட்டுட்டேன்."

"அளவு சரியா இருக்கா? மனசுல இருந்த அளவுலதான் தைக்கச் சொன்னேன்."

"தோள்பட்டை கச்சிதம்மா."

அராபாவே தொடர்ந்தாள்.

"அந்தத் துணிக்கு ஒரு பேரு இருக்குப்பா. நீ ஆலைக்குள்ளயே தலையக் குனிஞ்சு உக்காந்திருப்ப, சந்தையில என்ன பேரு வச்சாங்கன்னு உனக்கு எங்க தெரியப் போகுது?"

அவளுக்குத் தெரியாது. யார் வரைந்தது என்று துணியில் ஆலை போடுவதில்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அடியே, அதை வரைந்ததே உன் அப்பன்தான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. எபோ அங்கிள் என்னைப் பார்த்து, வேண்டாமென்று மெல்லத் தலையை ஆட்டினார்.

"தெரியாதும்மா. என்ன பேரு?"

"உன் பங்கு அப்படியே இருக்கு."

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"சரியாக் கேக்கலம்மா. இங்க பஸ் ஸ்டாண்டு. இன்னொரு தடவ சொல்லு."

கார்க் கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது. எனக்கே தெளிவாகக் கேட்டது. அவள் குரலை உயர்த்தி மறுபடியும் சொன்னாள். மூன்றாவது முறையும் சொல்லச் சொன்னார். அராபா சிரித்தாள், மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்றேன்ப்பா. சமைச்சு வை," என்றாள்.