ஓவனில் ஒரு தட்டு காலி

அந்த வீட்டில் இரண்டு குடும்பம், ஒரே அடுப்படி. கீழே அண்ணனும் அவன் மனைவியும், மாடியில் தம்பியும் அவன் மனைவியும். அண்ணன் பேருந்து ஓட்டுகிறவன். தம்பி டைல்ஸ் பதிக்கிறவன். மூத்தவள் ஒரு சலவைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பிறத்தியார் கால்சட்டைகளுக்கு ஓரம் மடித்துத் தைப்பாள். இளையவளுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை. ஓரகத்திகள் இருவரும் பேச்சை நிறுத்திக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு கண்ணாடிப் புட்டி. மூத்தவள் கடையில் ரொட்டி வாங்குவதில்லை; வீட்டில் சுடுவதற்கு ஈஸ்ட்கூட வாங்குவதில்லை. மாவையும் தண்ணீரையும் கலந்து புளிக்கவிட்டு, அதிலிருந்து ஒரு கை எடுத்துப் பிசைந்து, எடுத்த அளவுக்குப் புது மாவு போட்டுப் புட்டியில் வளர்த்துவந்தாள். கைக்குழந்தைக்குப் போல அதற்கு வேளை தவறாமல் தீனி. ஒரு நாள் ஃபிரிட்ஜைத் துடைத்த இளையவள், நாற்றமடிக்கிறதே என்று அதைத் தொட்டியில் கவிழ்த்து, புட்டியைப் பளபளவென்று கழுவியும் வைத்துவிட்டாள்.

"கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்க்கா."

"நினைப்பே. கொட்டுறது உங்க வீட்டுப் பழக்கம்தானே."

அவ்வளவுதான். இளையவள் கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறிப் போனாள். மறுநாளிலிருந்து ஃபிரிட்ஜில் மேல் பாதி அவளுக்கு, கீழ்ப் பாதி இவளுக்கு. அலமாரியும் அப்படியே. உப்புக்குக்கூட இரண்டு ஜாடி வந்தது. அண்ணனும் தம்பியும் மட்டும் பழையபடி ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். இந்த விஷயத்தில் வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மூத்தவள் புதிதாக மாவைப் புளிக்கவைத்து, வேறு புட்டியில் வளர்த்தாள். அதைத் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் தம்பிக்கு முழங்கால் போயிற்று. வருஷக்கணக்காக மண்டியிட்டுச் செய்த வேலை. அறுவை சிகிச்சை, அப்புறம் ஊன்றுகோல், அப்புறம் ஓய்வு. மாடி ஏற முடியாததால் பகலெல்லாம் கீழேயே சோபாவில் காலை நீட்டிக் கிடந்தான். வேலைக்குப் போனால்தான் கூலி என்பதால் வருமானம் நின்றது.

இளையவளும் எதுவும் சொல்லவில்லை, மூத்தவளும் கேட்கவில்லை. ஆனால் ஒரே குப்பைக்கூடை. அதில் மேல் வீட்டின் கேக் பெட்டிகளும் பிஸ்கெட் உறைகளும் முதலில் காணாமல் போயின. பிறகு கடை ரொட்டியின் உறையும் வரவில்லை. அதற்குப் பதில் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் விழுந்தன. கால் கிலோ மாவு, உள்ளங்கையளவு சர்க்கரை, ஒரு வேளைக்கு எண்ணெய். அதைப் பார்க்கப் பார்க்க மூத்தவளுக்கு எரிச்சலாக வந்தது. பரிதாபம் என்று சொல்வதற்கில்லை. சின்னப் பாக்கெட்டில் வாங்குகிறவள் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு கூடுதலாகக் கொட்டிக் கொடுக்கிறாள் என்பது அவளுக்கு அத்துப்படி.

"உன் தம்பி பொண்டாட்டிகிட்ட பெரிய மூட்டையா வாங்கச் சொல்லு," என்றாள் புருஷனிடம்.

"நீயே சொல்லேன்."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

பேருந்து ஓட்டுகிறவன் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மூத்தவள் ரொட்டி சுடுவாள். ஓவன் பழசு, முன்பு குடியிருந்தவர்கள் தூக்கிப் போக முடியாமல் விட்டுப் போனது. சூடேற அரை மணிக்கு மேல் பிடிக்கும். கீழ்த்தட்டில் அவளுடைய இரண்டு டின். மேல்தட்டு எப்போதும் காலி.

அந்த ஞாயிறு அவள் ரொட்டியை எடுத்து, ஓவனை அணைத்து, அறைக்குப் போய்த் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் சத்தம் கேட்டது. மாடிக்காரி ஒரு கேக் டின்னோடு வந்து, ஆறிப்போன ஓவனை மறுபடி முதலிலிருந்து சூடுபண்ணிக்கொண்டிருந்தாள். இவள் கண்ணில் படக்கூடாது என்று மாடிப்படியிலேயே காத்திருந்திருக்கிறாள். மின்கட்டணம் இரு வீட்டுக்கும் பொது, ஆளுக்குப் பாதி.

மூத்தவள் மடித்த துணியை இன்னொரு தடவை மடித்தாள். மதியம் எட்டிப் பார்த்தபோது இளையவளின் ரொட்டி மேசைமேல் செங்கல் மாதிரி இருந்தது. கொழுந்தன் அதைத் தேநீரில் முக்கி முக்கிக் கடித்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?" என்று அண்ணன் கேட்டான்.

"தரையில பதிக்கலாம்," என்றான் தம்பி. இளையவள் சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனாள்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறு மூத்தவளால் தாங்க முடியவில்லை. தன் டின்களை உள்ளே வைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே போய் நின்றாள். மேலே, கடைசிப் படியில் இளையவள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேல்தட்டு காலியாத்தான் கிடக்கு," என்றாள் மூத்தவள், கைப்பிடிச் சுவரைப் பார்த்து. "ரெண்டு தடவை சூடேத்தறதுக்கு நாம என்ன கரென்ட் ஆபீஸ்காரங்களா?"

இளையவள் டின்னைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். மூத்தவள் டின்னை வாங்கி, மாவை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"உப்பவே இல்லையே. எவ்வளவு நேரம் வெச்சே?"

"பாக்கெட்ல போட்டிருந்தபடி."

"பாக்கெட்டுக்கு நம்ம அடுப்படி குளிர் தெரியுமா? அப்படி ஓவன் பக்கத்துல வை. இன்னும் ஒரு மணி நேரம் ஆகட்டும். என்னோடது வெந்ததும் சூடு ஆறாம உள்ள தள்ளிடலாம்."

அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. மூத்தவள் துடைத்த மேசையையே துடைத்தாள். இளையவள் டின்னுக்கு மேல் போட்ட துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"எங்க வீட்டுல கொட்டுற பழக்கம் இல்லக்கா."

மூத்தவள் கை நின்றது.

"கொட்டுற அளவுக்கு அங்க எதுவும் இருந்ததில்ல. அம்மா ரெண்டு வீட்டுல வேலை செஞ்சாங்க. அங்க மிஞ்சினதைக் கட்டிக் குடுப்பாங்க. ஒரு தடவை கெட்டுப்போனதைத் தின்னு தங்கச்சி ஆஸ்பத்திரியில கிடந்தா. அதுலேர்ந்து புளிச்ச வாடை வந்தாலே என்னால வெச்சிருக்க முடியாது."

அவள் குரலில் அழுகை இல்லை. நோயாளிக்கு அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று சொல்கிற அதே குரல்தான்.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே," என்றாள் மூத்தவள்.

"நீங்க கேட்கலையே."

ஓவனுக்குள் ரொட்டி மணக்க ஆரம்பித்தது. மூத்தவள் கந்தலை அலசிப் பிழிந்து போட்டாள். "நான் பேசினது அதிகம்," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். இளையவளும் மேலே தோண்டவில்லை.

அன்றைய ரொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் ரொட்டியாக இருந்தது. அந்த வாரமே இரண்டு பேரும் மொத்தக் கடைக்குப் போய் ஒரு மூட்டை மாவு வாங்கினார்கள். பேருந்து ஓட்டுகிறவன் அதைத் தோளில் தூக்கி வந்து இறக்கிவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல் குளிக்கப் போனான். இளையவள் ஈஸ்ட்தான் போட்டாள். புளித்த மாவைக் கையால் தொடமாட்டாள். மூத்தவளும் வற்புறுத்தவில்லை. காய்ந்த ரொட்டியை ரஸ்க்காக்குவது, கறுத்த வாழைப்பழத்தைக் கேக்கில் போடுவது எல்லாம் கற்றுக்கொடுத்தாள். சர்க்கரையைக் குறைப்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. அது இன்றுவரை தகராறுதான்.

கோடைக்கு முன்னால் தம்பி நடக்க ஆரம்பித்தான். மண்டியிடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், டைல்ஸ் விற்கும் கடையில் வாடிக்கையாளருக்கு அளவு சொல்லும் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் முன்னைவிடக் குறைவு, ஆனால் மாதாமாதம் நிச்சயம். முதல் சம்பளத்தன்று இளையவள் வேலை விட்டு வரும் வழியில் கடையில் ஒரு கிரீம் கேக் வாங்கி வந்து மேசையில் வைத்தாள்.

மூத்தவள் பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு?"

"சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க."

"சொல்லு."

"முதல்ல சாப்பிடுங்க," என்று ஒரு பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்தாள் இளையவள்.

மூத்தவள் சாப்பிட்டாள். சர்க்கரை அதிகம் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினாள்.