கன்னியம்மாள் ஜீப்புக்கு அடியில் போன கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. சாமை வாங்கப் போன இடத்தில் கொசுறாகக் கிடைத்தது.

ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வெளியே என் பழைய வேனை நிறுத்திவிட்டு இறங்கினேன். சாமை மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. வேனின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, கிரவுன் ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"அதை வேற மாத்தணுமா?"

"வர்றப்பவே ஊளை வுட்டுக்கினு வருது. காதுல வுழலையா உங்களுக்கு?"

அவர்தான் கன்னியம்மாள். சாமையை மறந்துவிட்டு, அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, "எழுதிக்குங்க. எங்க வூட்டுக்காரர மட்டும் ஏமாத்துக்காரரா எழுதிடாதீங்க" என்றார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அப்போது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் செய்தேன். அந்த வெட்கக்கேடு நான்காம் பகுதியில் வருகிறது.

(இனி கதைக்குள் அவரை 'அவள்' என்றும், அவர் கணவரை 'அவன்' என்றும் எழுதுவேன். நேரில் அப்படிச் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஜவ்வாது மலையின் முகட்டில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு மார்கழிக் கா

நிறுத்திவிட்டேன். பனியிலிருந்து மலையைத் தொடங்குவது என்னைப் போலக் கீழே இருந்து போகிறவர்களின் கெட்ட பழக்கம். மேலே குடியிருப்பவர்களுக்குப் பனி என்றால் துவைத்த துணி காயாது, அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம் பாடப்புத்தகம் மாதிரி வந்தது. ஆனால் கொஞ்சம் தேவைப்படும் என்பதால் விட்டுவைக்கிறேன். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரத்துக்குத் தூரம் குறைவு. இரண்டையும் அதனதன் வேகத்தில் ஓடவிடுவதற்காகப் பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போல ஓர் இரும்பு உருண்டை தொங்குகிறது. அதற்குள் பல்சக்கரங்கள். டிஃபரென்ஷியல் என்று பெயர். மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். அந்தப் பற்கள் எந்நேரமும் கெட்டியான ஆயிலில் ஊறிக் கிடக்க வேண்டும். ஆயில் பழசானால் மாற்ற வேண்டும்.

(கணவன், மனைவி, இரண்டு சக்கரம் என்று ஓர் உவமை இந்த இடத்தில் வந்து கதவைத் தட்டியது. வெளியே உட்காரச் சொல்லியிருக்கிறேன். நீங்களாக உள்ளே கூப்பிட்டால் நான் பொறுப்பில்லை.)

மூன்றாவது தொடக்கம்தான் நிலைத்தது.

3

கன்னியம்மாள் கோணிப்பையை விரித்து ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த ஜீப்பில் ஏறியிருக்கிறாள், இறங்கியிருக்கிறாள், வாந்தி எடுத்திருக்கிறாள். அதன் அடிவயிற்றை அன்றைக்குத்தான் பார்த்தாள். சேறு அப்பி, வைக்கோல் ஒட்டி, வயதான எருமையின் வயிறு மாதிரி இருந்தது.

படுத்திருக்க வேண்டியவன் மாதையன். மலை வளைவுகளில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்கி, வண்டியில் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டவன். புளி உலுக்க மரத்தில் ஏறினான், கிளை முறிந்து விழுந்தான், வலது தோள் போயிற்று. எலும்பு கூடினாலும் அந்தக் கையால் மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டோரம் சும்மா நின்ற ஜீப்பைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவனே விற்றுவிடலாம் என்றான்.

படவேட்டிலிருந்து கிருஷ்ணன் என்பவன் அன்றைக்கு வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. காலையிலேயே மாதையன் பிடிவாதம் பிடித்தான். "பழைய ஆயிலோட என் வண்டிய அனுப்ப மாட்டேன். கீழ இருந்து மெக்கானிக்கு வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்க ஆவாது. நான் சொல்றேன், நீ செய்."

சொல்வதில் அவன் கெட்டிக்காரன் இல்லை. பக்கத்தில் நல்ல தோள் பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு கத்தினான்.

"மேல் நட்டு! மொதல்ல மேல் நட்டு!"

"கீழ் நட்டத் தொறந்தாதான ஆயில் வரும்?"

"கீழ்நட்ட மொதல்ல தொறந்தா இருக்கிறதெல்லாம் ஊத்திடும்மே. அப்புறம் மேல்நட்டு வரமாட்டேன்னு அடம் புடிச்சா, புது ஆயில எது வழியா ஊத்துவ? என் வாய் வழியாவா?"

"ஊத்தலாம். பெருசாத்தான் இருக்குது."

மேல்நட்டு அசையவில்லை. ஸ்பேனரைப் போட்டு இழுத்தாள், தொங்கினாள். மாதையன் ஒற்றைக் கையோடு உள்ளே நுழையப் பார்த்தான். "ஏங்க, வந்தீங்கன்னா இந்த ஸ்பேனராலயே போடுவேன்" என்றாள். பிறகு உடம்பைத் திருப்பி, குதிகாலால் ஸ்பேனர் பிடியை ஓர் உதை விட்டாள். கிறீச்சென்று நட்டு இளகியது.

"அப்பாடி!" என்றான் மாதையன், தானே உதைத்ததுபோல.

கீழ்நட்டு எளிதாக வந்தது. குளிருக்கு உறைந்திருந்த ஆயில் கருப்பாக, காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி, அவசரமில்லாமல் பழைய அலுமினியச் சட்டிக்குள் இறங்கியது. அழுகின முட்டை நாற்றம். (அந்த நாற்றம் எத்தனை முறை தலைக்குக் குளித்தும் போகவில்லை என்றார் கன்னியம்மாள். சந்தையில் தலையை என் பக்கம் சாய்த்து, "மோந்து பாருங்க" என்றார். சாமை வாசனைதான் வந்தது. ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.)

கடைசிச் சொட்டுகளோடு சட்டிக்குள் ஏதோ விழுந்தது. 'ணங்' என்றது.

ஆயிலுக்குள் விரலை விட்டு எடுத்தாள். மொச்சைக்கொட்டை அளவு இரும்பு. ஒரு பக்கம் வழவழப்பு. இன்னொரு பக்கம் உடைந்து, உள்ளே புதுசாக மின்னியது.

கிரவுனின் பல்.

உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

4

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் மாதையன் எல்லாம் தெரிந்தவனாக இருந்தான். பல் போனதை மறைக்கத்தான் வழக்கத்தைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றி வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தேன். "மாதையன் ஓரக்கண்ணால் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு" என்பது வரை போய்விட்டேன். கதைக்கு ஒரு கெட்டவன் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

மனசு கேட்காமல் கன்னியம்மாளுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"அவரு அப்பிடிச் சிரிக்கவே மாட்டாருங்க" என்றார். "சிரிச்சா அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துடும். ஓரக்கண்ணுல எப்பிடிப் பாப்பாரு?"

அந்த வரிகளை அடித்துவிட்டேன். கெட்டவன் இல்லாமலே கதை நடந்தாக வேண்டும். ஜீப்புக்கு அடியில் அவர் என்ன நினைத்தார் என்று கேட்டேன். சொன்னார்.

அவளுக்கு அந்தச் சத்தம் முன்பே தெரியும். மாதையன் மரத்திலிருந்து விழுவதற்கு ரொம்ப நாள் முன்பே, இறக்கத்தில் வண்டி போகும்போது பின்னாலிருந்து ஒரு முனகல் வரும். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. டிரைவர்களுக்குக் காது மந்தமாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். "என் வண்டில ஒரு நட்டு கெட்டுதுன்னு எவனாச்சும் சொல்லச் சொல்லு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவனிடம் அதை எப்படிச் சொல்வது? அதனால் இறக்கம் வந்தால் ஊர்க்கதையை உரக்கப் பேச ஆரம்பித்துவிடுவாள், அவன் காதில் விழாமல் இருக்கட்டும் என்று.

இப்போது அந்த முனகல் கையில் இருக்கிறது.

சொன்னால், தோள் போனதற்குக்கூட அழாத மனுஷன் அழுதுவிடுவான். ஆயிலை நேரத்தில் மாற்றாமல் விட்டேனே என்று சோறு இறங்காது. சொல்லாவிட்டால், கிருஷ்ணன் இந்த வண்டியில் ஆளேற்றிக்கொண்டு இதே மலையில் ஓட்டுவான். ஏறப் போவது அவளுடைய அக்கம்பக்கத்து ஜனம். வளைவில் மற்ற பற்களும் உடைந்து சக்கரம் இறுகிக்கொண்டால், அதற்குக் கீழே பள்ளம்.

"இன்னாமே, சத்தத்தையே காணோம்?"

"எறும்பு கடிச்சிடுச்சி."

பல்லைத் தூக்கிப் புதருக்குள் எறிந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதாம். (இதை எழுதலாமா என்று கேட்டேன். "எறியலையே, எழுதுங்க" என்றார்.)

வெளியே வந்தாள். முகமெல்லாம் ஆயில். அவனுடைய இடது கையைப் பிடித்து விரித்து, பல்லை வைத்தாள்.

மாதையன் பார்த்துக்கொண்டே இருந்தான். அழவில்லை.

"எப்பல இருந்து ஒனக்கு அந்தச் சத்தம் கேக்குது?" என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தச் சத்தம்?"

"கேக்கலன்னா இத்த பாத்ததும் 'இன்னாது இது'ன்னு கேட்டிருப்ப. ஒண்ணுமே கேக்காம கையில வெக்கிறியே."

"நீங்க வுழுறதுக்கு முந்தின ஆடியில இருந்து" என்றாள். "உங்களுக்குக் கேக்கலையேன்னு இருந்தேன். காது மந்தம்னு நெனச்சேன்."

"எனக்கா மந்தம்? பழைய ஆயிலு சத்தம்னு இருந்துட்டேன். எறக்கத்துல ரேடியோவ எதுக்குக் கத்தவுட்டேன்னு நெனச்ச? ஒனக்குக் கேக்கக் கூடாதுன்னுதான்மே. பயந்துக்கினு இனிமே சந்தைக்கு வரலன்னு சொல்லிட்டீன்னா? பக்கத்து சீட்டு காலியா நான் இன்னாத்துக்குப் போறது?"

"நான் ரேடியோவுக்கு மேல கத்திக் கத்திப் பேசினு வந்தனே!"

"அதான் நான் இன்னும் பெருசா வெச்சேன்."

முதலில் சிரித்தது யார் என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கன்னியம்மாள் ஜீப்பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மாதையன் சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதில் பாதி சிரிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். முந்தானையால் துடைக்கப் போய் அவன் முகத்திலும் ஆயிலைப் பூசிவிட்டாள்.

5

அப்படியே இரண்டு கருத்த முகங்களாக உட்கார்ந்திருந்தபோதுதான் கிருஷ்ணனின் பைக் மேடேறி வந்தது. பின்னால் அவன் மனைவி சகுந்தலா, தூக்குவாளியில் பலகாரத்தோடு.

இங்கே கதை இரண்டாகப் பிரியலாம். வழக்கத்தைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் முனகல் கொஞ்ச நாளைக்கு அடங்கிவிடும், அதற்குள் வண்டி கைமாறிவிடும். நான் ஏமாற்றுக்காரனாக எழுதிய மாதையன் அதைச் செய்திருப்பான். நிஜ மாதையன் எழுந்து நின்று, நல்ல கையை நீட்டினான்.

"வா கிஷ்ணா. ஒக்காரு. வண்டிக்கு ஒடம்பு சரியில்ல."

கிருஷ்ணன் பல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் தொங்கிவிட்டது. இந்த ஜீப்பை நம்பி அவன் செய்துகொண்டிருந்த வேலையை விட்டிருந்தான். "இத்தச் சொல்றதுக்காண்ணா அவ்ளோ தூரத்துல இருந்து வரவெச்சீங்க?"

"பல்லு போனது எங்களுக்கே இப்பதான்பா தெரியும்."

சகுந்தலா கன்னியம்மாளிடம் மெதுவாகக் கேட்டாள். "காட்டாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமாக்கா?"

"தெரிஞ்சிருக்கும்மா. ஏதாச்சும் ஒரு வளைவுல."

சகுந்தலா தூக்குவாளியைத் திறந்து அதிரசத்தை எடுத்து கன்னியம்மாள் வாயில் வைத்தாள், கையெல்லாம் ஆயிலாக இருந்ததால்.

கிருஷ்ணன் போகவில்லை. சட்டையைக் கழற்றி ஜீப்பின் மேல் போட்டுவிட்டு அடியில் நுழைந்தான். "தொறந்தாதான் தெரியும், ஒரு பல்லா மொத்தமுமான்னு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அடுத்த வாரம் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கண்ணமங்கலம் பக்கம் உடைத்து விற்கும் வண்டி ஒன்றிலிருந்து நல்ல கிரவுன் கிடைத்திருந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றினார்கள்.

ஆயில் மட்டும் பாக்கி. மெக்கானிக் ஊற்றப் போனபோது கன்னியம்மாள் விடவில்லை. கோணிப்பையை விரித்துப் படுத்து, மேல்நட்டுத் துளையில் குழாயைச் சொருகிப் பிடித்தாள். சகுந்தலா மறுமுனையில் ஆயில் கேனைத் தூக்கிப் பிடித்துப் பிதுக்கினாள். ரொம்ப நேரம் ஆயிற்று. கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார்கள்.

"எவ்ளோக்கா ஊத்தணும்?"

"வழியிற வரைக்கும்மா."

துளையின் விளிம்பில் தேன் நிறத்தில் ஆயில் திரண்டு, ஒரு கோடாக அவள் மணிக்கட்டில் இறங்கியது. "போதும்! போதும்!" என்று கத்தினாள். நட்டை அவளே முறுக்கினாள். பிறகு பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார்கள். மாதையன் இரும்பு உருண்டையில் காதை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"பேச்சே இல்ல" என்றான்.

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜாக்கியிலிருந்து வண்டியை இறக்கியதும் மாதையன் வீட்டுக்குள் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். முதல் ஓட்டம் யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் என்றால் விஷயமில்லை. அந்தச் சாவி திரும்பி அவன் கைக்கு வராது என்று நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது.

வாங்க வந்த கிருஷ்ணனிடம் கொடுத்தால் நியாயம். வேலையை விட்டவன், கிரவுனுக்காக ஓடி ஓடி அலைந்தவன். அப்படி எழுதிப் பார்த்தேன். மாதையன் அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டானா என்ற கேள்வி வந்து நின்றுகொண்டது.

கன்னியம்மாளிடம் கொடுத்ததாக எழுதினால் நீங்கள் கைதட்டுவீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் கல்யாணமான புதிதில் மாதையன் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அவர் நேராகப் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லையில் கொண்டுபோய் நிறுத்தினாராம். மறுபடி கற்றுக்கொள்ள ஆசையா என்று கேட்டேன். சாமையை அளந்துகொண்டே இருந்தார்.

சகுந்தலாவிடம் கொடுத்ததாகவும் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறேன். அவளுக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பது கடைசியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

யாரிடம் கொடுத்தார் என்று கன்னியம்மாளிடம் நேராகவே கேட்டேன். சொன்னார். கேட்டதும் என் மூன்று வரிகளும் ஒன்றும் பெறாமல் போயின. அதனால் அதை நான் எழுதுவதாக இல்லை. ஆயிலில் கை வைக்காதவன் நான். இவ்வளவு தூரம் அவர்களோடு வந்த உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வெயில் ஏறிவிட்டது. கிருஷ்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறான். சகுந்தலா கையைத் தவிட்டில் தேய்த்துக் கழுவுகிறாள். கன்னியம்மாள் கோணிப்பையை உதறி மடிக்கிறாள். மாதையன் இடது கையில் சாவியோடு அவர்கள் மூவருக்கும் எதிரே வந்து நிற்கிறான். ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறான். பிறகு, "இந்தா, புடி" என்று சாவியை நீட்டுகிறான். அதை வாங்கிக்கொள்வது