பின்னறைக் கதவு

பின்னறைக்குள் போனவர் அன்றைக்கு முன்பக்கம் திரும்பக் கூடாது. லைலின் பாம்புக் கடையில் கண்டிப்பான சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான். வேலைக்குத் தாமதமாக வந்தால் லைல் முறைப்பான், அதோடு விட்டுவிடுவான். கவுண்டரில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றால் திட்டுவான், திட்டிக்கொண்டே தானும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொள்வான். பின்னறைச் சட்டத்தில் மட்டும் விளையாட்டு கிடையாது.

புதிதாக வாங்கி வந்த பாம்பு எதுவானாலும் தொண்ணூறு நாள் பின்னறையில் தனியாக இருந்தாக வேண்டும். அதற்குத் தனி மேலங்கி, தனி ரப்பர் பூட்ஸ், பாம்பைத் தூக்கத் தனிக் கொக்கி, சிவப்பு டேப் ஒட்டிய தண்ணீர்க் கிண்ணங்கள். முன்பக்கத்து வேலை எல்லாம் முடித்த பிறகுதான் மார்லா உள்ளே போவாள். முடித்ததும் அங்கேயே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பின்வாசல் வழியாக நேரே தன் காருக்குப் போய்விடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருத்தன் சோம்பல்பட்டு ஒரே கொக்கியை இரண்டு பக்கமும் புழங்கினான். வாயில் நுரை தள்ளி, மூச்சுக்குத் திணறிச் சாகும் நோய் முன்பக்கமெல்லாம் பரவியது. அதற்கு மருந்து கிடையாது. கால்நடை மருத்துவர் ஒவ்வொன்றாகச் சாவு ஊசி போட்டுக்கொண்டே போனார். அறுபத்தொரு பாம்புகளைக் கறுப்புப் பைகளில் கட்டிச் சுமந்தவள் மார்லா. கோழி வெட்டும் ஆலையில் பதினோரு வருஷம் நின்று நின்று முதுகு தேய்ந்தவள் அவள். சாவு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்குக் காரில் ஏறி உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தாள்.

அது ஒரு திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை. டொலீடோ நகரம் முழுக்கப் பனி கொட்டிக் கிடந்தது. லைல் பாம்புகளின் தீனிக்கு உறைந்த எலி வாங்க கிளீவ்லாந்து போயிருந்தான். கடையில் மார்லாவும் ராட்னியும் மட்டும்தான். இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன் ராட்னி. ஆள் மலை மாதிரி, வாய் அதைவிடப் பெரிசு.

"உள்ள போறியா? அப்பாடா, மூணு மணி நேரம் உன் மூஞ்சிய பாக்க வேணாம்" என்றான்.

"உன் மூஞ்சிய பாக்கறதுக்கு நுரை தள்ற பாம்பே தேவலாம். டச்சஸ் கிட்ட மட்டும் போகாத. லைல் வரட்டும்."

"நான் என்ன நேத்து வந்தவனா?"

டச்சஸ் பதின்மூன்று அடி மலைப்பாம்பு. எட்டடிக்கு மேல் நீளமுள்ள எந்தப் பாம்பின் கூண்டைத் திறந்தாலும் இரண்டு பேர் நிற்க வேண்டும்.

பின்னறையில் பதினொன்றாம் பெட்டிப் பாம்புக்கு அது நாற்பத்தோராவது நாள். தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. பரிசோதனைக்கு எச்சில் எடுத்து அனுப்பி ஒரு வாரமாகியும் பதில் வரவில்லை. மார்லா அதன் வாயோரத்தைத் துடைத்தாள். சின்னச் சின்னக் குமிழிகள் கையுறையில் ஒட்டிக்கொண்டன.

அப்போதுதான் முன்பக்கமிருந்து அலறல் கேட்டது.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதில் எட்டிப் பார்த்தாள். ராட்னி முழங்காலிட்டுக் கிடந்தான். டச்சஸ் அவன் வலது முன்கையைக் கவ்வி, முழங்கைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. மீதி உடம்பு கூண்டிலிருந்து வழிந்து வந்துகொண்டே இருந்தது. பக்கத்துத் தரையில் வெந்நீர் வாளி, அதில் உறைவு நீக்கப் போட்ட எலிகள். எலி நாற்றத்தோடு தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை விட்டிருக்கிறான். முதலில் கொக்கியால் தொட்டிருந்தால் தீனி இல்லை என்று பாம்புக்குத் தெரிந்திருக்கும். கொக்கி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மார்லா! வா! சீக்கிரம் வா!"

தாழ்ப்பாள் மேல் போன கை நின்றது. கையுறையில் நுரை பளபளத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நூற்று நாற்பது பாம்புகள்.

"கழுத்துல இருக்கா?" என்று கத்தினாள்.

"கையிலதான்! எலும்பு உடையுது! வா!"

"தாடைய நெஞ்சோட அமுக்கிக்க! கழுத்த குடுக்காத! இதோ வரேன்!"

கையுறைகளை உருவி எறிந்தாள். மேலங்கியின் ஜிப் பாதியில் துணியைக் கடித்துக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை, மறுபடி இழுத்தாள், கிழிந்துகொண்டு வந்தது. ஒரு பூட் கழன்றது. இன்னொன்று வியர்வையில் ஒட்டிக்கொண்டு, அடம்பிடித்துத்தான் கழன்றது. வெளியே ராட்னி பாம்பின் ஏழு தலைமுறையையும் திட்டினான், பிறகு மார்லாவின் தலைமுறையை. அவள் குழாயைத் திறந்தாள். விரலிடுக்கு, நகக்கண், முழங்கை என்று தேய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது வரை எண்ணினாள். பதினைந்தில் அவன் திட்டு நின்றது. இருபதில் தரையில் யாரோ குத்துகிற சத்தம் கேட்டது. மூச்சைச் சேமிக்கிறான் என்று சொல்லிக்கொண்டாள். நாற்பது.

கையில்லாத பனியனும் வெறுங்காலுமாக ஓடினாள். ராட்னியின் முகம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. மூன்றாவது சுற்று கழுத்தில் ஏறியிருந்தது. தாடையை அமுக்கியிருந்ததால் தொண்டைக்கும் பாம்புக்கும் நடுவே ஒரு விரலளவு இடம் மிஞ்சியிருந்தது. அந்த ஒரு விரலில்தான் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.

வாலைத் தேடிப் பிடித்தாள். எந்தச் சுற்றையும் வால் பக்கமிருந்துதான் பிரிக்க வேண்டும். கழுத்துச் சுற்றை இழுத்து எடுத்து, வாலைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். முதுகில் ஏதோ சொடுக்கியது. லைல் வெங்காயம் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்க வைத்திருந்த காரமான புதினா மருந்துப் புட்டி கை எட்டும் தூரத்தில் கவுண்டரில் இருந்தது. மூடியைப் பல்லால் திறந்து பாம்பின் கடைவாயில் ஊற்றினாள். எரிச்சல் தாங்காமல் டச்சஸ் கவ்விய கையை விட்டது. மிச்சச் சுற்றுகளையும் பிரித்து, இழுத்துக் கூண்டில் தள்ளிக் கண்ணாடியைச் சாத்தினாள்.

ராட்னி இருமினான். நெடுநேரம் இருமினான்.

"நீ... கை கழுவினியா?"

"ஆமா."

"நான் இங்க செத்துட்டிருந்தேன். நீ கை கழுவிட்டிருந்த."

"நாப்பது செகண்டுதான். கண்ணாடி வழியா பாத்துட்டேதான் இருந்தேன். கழுத்துக்கு வந்ததும் ஓடி வந்துட்டேன். நீ ஏன் எலி நாத்தத்தோட கைய விட்ட? கொக்கி எதுக்கு மாட்டியிருக்கு, அழகுக்கா?"

அவன் இரத்தம் ஒழுகும் கையை நீட்டினான். அவள் துண்டால் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது லைலின் வண்டி வந்து நின்றது. லைல் இரத்தத்தைப் பார்த்தான், மார்லாவின் வெறுங்காலைப் பார்த்தான்.

"எந்த உடுப்போட வெளிய வந்த?"

"கழட்டிட்டு, கழுவிட்டுத்தான்."

லைல் பெருமூச்சு விட்டான். "நல்ல வேளை." பிறகுதான் திரும்பினான். "ராட்னி, உனக்கு எப்படி இருக்கு?"

"ரெண்டாவதா கேட்டதுக்கு நன்றி" என்றான் ராட்னி.

ராட்னியின் கையில் பதினெட்டுத் தையல். வியாழக்கிழமை பரிசோதனைப் பதில் வந்தது. பதினொன்றாம் பெட்டிக்கு அதே நோய்தான். மருத்துவர் ஊசியோடு வந்து போனார். "மார்லா அப்படியே ஓடி வந்திருந்தா இன்னிக்கு நூத்தி நாப்பது பை கட்டியிருப்போம்" என்று லைல் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னான். அவன் சொல்லும்போதெல்லாம் ராட்னி கழுத்தைத் தடவிக்கொள்வான். மார்லா எந்தக் குழாயடியில் நின்றாலும் பின்னாலிருந்து எண்ண ஆரம்பிப்பான். "ஒண்ணு, ரெண்டு, மூணு... நாப்பது! போதும் டாக்டரம்மா, ஆளு இன்னும் உசுரோடதான் இருக்கான்!"

சனிக்கிழமை கடை திறக்குமுன் அவள் தனியாக உட்கார்ந்து கடையின் முன்பக்கக் கேமராப் பதிவைப் போட்டாள். ராட்னியின் வாயை அடைக்க நாற்பதைக் காட்டிவிடலாம் என்றுதான் போட்டாள்.

அலறல் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு. கதவு திறந்தது நூற்றியொரு வினாடி கழித்து.

கழுவியதைத்தான் அவள் எண்ணியிருந்தாள். கையுறை, ஜிப், பூட்ஸ், எதையும் எண்ணவில்லை. எண்பத்தோராவது வினாடியில் டச்சஸ் தோளைத் தாண்டிக் கழுத்தில் ஏறியது. ராட்னி இடது கையால் தரையைக் குத்தினான். குத்திக்கொண்டே கதவைப் பார்த்தான். கண்ணாடியில் முகம் இல்லை. பின்னறைக் கழுவுதொட்டி எதிர்ச்சுவரில் இருந்தது. அவள் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

மூன்று தடவை பார்த்தாள். அழித்துவிட ஒரு பொத்தான் போதும். ராட்னி வரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இங்க வா. இத பாரு."

அவன் நின்றபடியே பார்த்தான். முடிந்ததும் திரையில் பனி விழுகிற கடை வாசல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நூத்தி ஒண்ணு" என்றாள். "நாப்பது இல்ல. பாத்துட்டிருந்தேன்னு சொன்னதும் பொய். திரும்பி நின்னேன். கதவத் திறக்கற வரைக்கும் கழுத்துக்கு வந்தது எனக்குத் தெரியவே தெரியாது."

"லைலுக்குக் காட்டினியா?"

"உனக்குத்தான் முதல்ல."

ராட்னி கட்டுப் போட்ட கையை மெதுவாக மேசையில் வைத்தான். "தெரிஞ்சிருந்தா கழுவாம வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்ற வார்த்தை அவள் நாக்கு வரை வந்தது. அறுபத்தொரு பையும் கூடவே வந்தன. "தெரியல" என்றாள்.

அவன் கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான். பிறகு வெளியே போய்விட்டான். குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான் என்றுதான் நினைத்தாள். வண்டிக் கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது.

மத்தியானம் முன்பக்க வேலை முடிந்து அவள் பின்னறையில் நிற்கும்போது கண்ணாடியில் தட்டினான். கதவைத் திறந்தாள். வாசலில் போட்டிருந்த கோட்டுக்கு அந்தப் பக்கம், காலை உள்ளே வைக்காமல் நின்றான். காலடியில் வண்டியிலிருந்து எடுத்து வந்த பழைய குறடு, லாரியில் இருபது வருஷம் கூட ஓடியது.

"அந்தத் தொட்டிய கழட்டி இந்தச் சுவத்துல மாட்டு. கண்ணாடிக்கு நேரா. கழுவறவளுக்கு இந்தப் பக்கம் தெரியணும். குழாய நான் இங்கருந்தே அளந்து சொல்றேன்."

"உள்ள வந்த சாமான் எதுவும் திரும்பி அந்தப் பக்கம் வராது, தெரியுமில்ல?"

"தெரியும்" என்றான். கட்டுப் போட்ட கையோடு குனிய முடியாமல், பூட்ஸ் முனையால் குறட்டைக் கோட்டுக்கு உள்ளே தள்ளினான்.