மூன்றாம் பத்து வீட்டுப் பிள்ளைக்கு

கிளோறியாவை அவளைப் பெற்ற தாயே அறைக்குள் விட்டுப் பூட்டினாள். பூட்டுவதற்கு முன் ஒரு தட்டில் இரண்டு றோல்ஸும் ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

"பாத்றூமுக்குப் போறதெண்டால் இப்பவே போட்டு வா. சனம் போனாப்பிறகுதான் திறப்பன்."

முப்பத்திரண்டு வயது, இரண்டு பட்டம், நிரந்தர உத்தியோகம். இத்தனையும் உள்ளவள் நேர்சரிப் பிள்ளை மாதிரிப் போய்விட்டு வந்து மேசையில் இருந்த கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெளிப்பக்கம் பூட்டில் திறப்பு திரும்பியது. யன்னலால் இறங்கி ஓடலாமென்றால் வீடு மூன்றாம் மாடி.

விஷயம் இதுதான். கிளோறியா டென்மார்க்கின் அந்தக் கோடியில், ஹ்விடோவ்ரேயில் புருஷன் றொஜிதனோடு சந்தோஷமாக வாழ்கிறாள் என்று, தாய்வீடு இருக்கும் வைலேயின் தமிழ்ச் சனமெல்லாம் நம்பிக்கொண்டிருந்தது. றொஜிதனுக்கு வேறொருத்தி இருப்பது தெரிந்து, யூன் மாதமே அவள் இரண்டு சூட்கேசுகளோடு ரயிலேறித் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த அன்றைக்கே தாய் மேரிசெலின் சட்டம் போட்டாள்: "தம்பியின்ரை கலியாணம் ஒப்பேறுமட்டும் ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது." தம்பிக்குப் பேசியிருந்த பெண் பக்கத்து ஊரான கோல்டிங்கில். அந்தப் பெண்ணின் பெரியம்மா மரியநாயகிதான் வைலே ஜெபக்குழுவின் தலைவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். மேரிசெலின் முழு மகளையே மூன்று அறை வீட்டுக்குள் மறைத்தாள்.

கிளோறியாவும் ஓமென்றுதான் சொன்னாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. யாரும் கையைக் காலைக் கட்டவில்லை. தம்பி பாவம் என்று ஒருமுறை தலையாட்டினாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கோயில் இல்லை, கடைத்தெரு இல்லை, மணியடித்தால் மூச்சும் இல்லை.

செய்கிற வேலையும் இந்த ஒளிப்புக்கு வாய்ப்பாகப் போயிற்று. நோயாலோ பயத்தாலோ பள்ளிக்கூடம் போக முடியாத ஜிம்னாசியம் எனும் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழியில் ஸ்பானிய மொழி படிப்பிப்பது அவள் வேலை. பின்னால் இருக்கும் கட்டிலையும் சூட்கேசுகளையும் மங்கலாக்கிவிட்டால், திரையில் அவள் பெரிய ஆசிரியை. இந்த மாதப் பாடம், அமெரிக்காவில் வாழும் லத்தீனோ மக்களின் வரலாறும் அடையாளமும்.

ஒக்டோபர் ஜெபமாலை மாதம். ஒவ்வொரு நாளும் மாதா சுரூபம் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். அன்றைக்கு இவர்கள் முறை. "மாதாவை வரவேண்டாம் எண்டு சொல்லேலுமே?" என்று கேட்டாள் மேரிசெலின். வகுப்பு முடிந்த பிறகுதான் சனம் வருவதாகப் பேச்சு. தமிழ்ச் சனம் சொன்ன நேரத்துக்கு முன்னே வந்த சரித்திரம் உண்டா? அன்றைக்கென்று வகுப்பு பாதியில் இருக்கவே வந்தார்கள்.

கிளோறியா குரலைத் தாழ்த்திப் பாடத்தைத் தொடர்ந்தாள். கைக்குழந்தையாக எல்லை கடந்து கொண்டுவரப்பட்டு, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் வளர்ந்து, கடைசிவரை வதிவிடப் பத்திரம் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். யாரிடமும் வாய் திறக்காதே என்பதுதான் பெற்றோர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஒருநாள் அவர்களில் சிலர் தெருவில் சனத்துக்கு முன்னால் ஏறி நின்று, என் பெயர் இது, என்னிடம் பத்திரம் இல்லை, எனக்குப் பயமும் இல்லை என்று சொன்னார்கள்.

"சொன்னால் பிடித்து அனுப்பிவிடுவார்களே?" என்று கேட்டான் மல்தே. வகுப்பில் எப்போதும் முதலில் வாய் திறப்பவன் அவன்தான்.

"அனுப்பலாம்."

"அப்பா அம்மாவையும்?"

"அவர்களையும்தான்."

"அப்படியென்றால் அது சுயநலம் இல்லையா?"

கிளோறியா போத்தலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்று ஆசிரியர்மார் சொல்லும் வழவழாப் பதிலொன்றைச் சொல்லிவைத்தாள்.

அப்போது சிக்னே பேசினாள். கமெராவைத் திறக்கவே திறக்காத பெண். மாதத்துக்கு ஒருமுறை பேசினாலே பெரிது. "அவர்கள் சொல்லாமல் இருந்த காலத்தில் மட்டும் பெற்றோர் நிம்மதியாகவா இருந்தார்கள்?"

பதில் தேடுவதற்குள் வெளியே ஹோலில் ஜெபம் தொடங்கிவிட்டது. இத்தனை பெண்குரல்களைத் தடுக்க டென்மார்க்கில் எந்தக் கதவு இருக்கிறது?

"அது என்ன சத்தம்?" என்றான் மல்தே.

"பக்கத்து வீடு."

சொன்ன வாய் மூடுமுன் அவள் கன்னம் சுட்டது. பயமில்லை என்றவர்களைப் பற்றிப் படிப்பித்த அதே வாய்!

ஜெபமாலையில், பத்துப் பத்து மரியே வாழ்கவாக ஐந்து பத்துகள் உண்டு. மாதா போகும் வீட்டில் முதல் பத்தைக் குழுத்தலைவி சொல்வாள், இரண்டாவதை வீட்டுக்காரர், மூன்றாவதை வீட்டுப் பிள்ளை. ஒவ்வொரு மரியே வாழ்கவிலும் முதற்பாதியைப் பிள்ளை தொடங்க, மறுபாதியை மற்றவர்கள் முடிப்பார்கள். இரண்டாம் பத்தை அப்பா அல்பேட் தட்டுத்தடுமாறி முடித்ததும் மரியநாயகியின் குரல் கேட்டது.

"மூண்டாம் பத்து பிள்ளையள் சொல்லோணும். தம்பி வேலையோ?"

"ஓம், தம்பி வேலையாலை வரேல்லை. மகளும் ஹ்விடோவ்ரேயிலை. நானே சொல்லுறன்."

"கிளோறியா சுகமாய் இருக்கிறாளே?"

"அவளுக்கென்ன குறை? ராசாத்தி மாதிரி இருக்கிறாள்."

ராசாத்தி தட்டில் கிடந்த றோல்ஸைப் பார்த்தாள். அம்மா மேல் ஆத்திரம் வந்தது. அதைவிடத் தன் மேல் வந்தது. ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். ஒலிவாங்கியை அணைக்கவில்லை. கதவுக்குக் கிட்டப் போய், எல்லோருமாகப் பரலோக மந்திரம் சொல்லி முடிய, தாய் வாய் திறப்பதற்கு முன் தான் திறந்தாள்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க! ஆண்டவர் உம்முடனே..."

தன் பாதியைச் சொல்லி நிறுத்தினாள். ஹோலில் தலைகளெல்லாம் அறைக்கதவுப் பக்கம் திரும்பியிருக்கும்.

ஆனால் பாதி சொன்ன மரியே வாழ்கவை அந்தரத்தில் விட வேதக்காரருக்குத் தெரியாது. ஐந்து வயதிலிருந்து பழகிய வாய், மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஒரு குரல் தொடங்க, மற்றவையும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக..." அப்பாவின் குரலும் அதில் இருந்தது. அம்மாவுடையது இல்லை.

அவள் இரண்டாவதைத் தொடங்கினாள், பிறகு மூன்றாவதை. வீடு பற்றியெரிந்தாலும் தொடங்கிய பத்தை இடையில் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு விரல் மடித்து எண்ணினாள். பாதியில் அழுகை வந்துவிட்டது. தம்பியின் முகம் வந்தது. இந்தக் கலியாணம் குழம்பினால் அவன் முகத்தில் எப்படி விழிப்பாள்? தெரியவில்லை. என்றாலும் குரல் நிற்கவில்லை.

பத்தாவதுக்குத்தான் அம்மாவின் குரல் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்ட, உடைந்துபோய். பிறகு திறப்பு திரும்பியது.

மேரிசெலினுக்குப் பின்னால் ஜெபமாலையும் கையுமாகப் பெண்கள் நின்றார்கள். முன்னால் நின்ற மரியநாயகி கிளோறியாவை ஏற இறங்கப் பார்த்தாள்; கட்டிலைப் பார்த்தாள், சூட்கேசுகளைப் பார்த்தாள், வெளிப்பக்கம் தொங்கிய திறப்பையும் பார்த்தாள்.

"எப்ப பிள்ளை வந்தனி?"

"இப்பதான், மத்தியான ரெயிலிலை," என்று முந்திக்கொண்டாள் மேரிசெலின். "களைச்சுப்போய்ப் படுத்திருந்தவள்."

நல்ல பொய். எல்லோரும் தலையாட்டிவிட்டு நாலாம் பத்துக்குப் போய்விடலாம். கிளோறியாவும் இன்னொருமுறை தலையாட்டினால் போதும். அம்மாவின் கண்கள் அதைத்தான் கெஞ்சின.

"யூனிலை வந்தனான், அன்ரி," என்றாள் கிளோறியா. "றொஜிதனை விட்டிட்டு வந்தனான். அண்டு தொட்டு இந்த அறைக்குள்ளைதான் இருக்கிறன்."

"கிளோறியா, இருக்கிறீர்களா?" என்று மேசையிலிருந்து மல்தே டெனிஷில் கேட்டுக்கொண்டிருந்தான். கிளோறியா வாசலைத் தாண்டி ஹோலுக்கு வந்தாள். மேரிசெலின் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் அவளை விலத்திக்கொண்டு அறைக்குள் போனாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எட்டிக் கதவைப் பிடித்து, உள்ளேயிருந்து சாத்திக்கொண்டாள்.