வேப்பிலை கட்டாத வாசல்

பேகம்பூர் போகிற வழியில் இருந்தது எங்கள் வளவு. ஐந்து வீடுகள், ஒரு கிணறு. யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மற்ற நாலு வீட்டுக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் பதினெட்டு நாள் ஒரு அம்மையை ஒளித்துவைத்தேன். அதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்று பாருங்கள். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம். மகள் பேச்சாயிக்கு ஆறு வயது. மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு நெற்றியில் முத்துப் போட்டது. ஆத்தா வந்துவிட்டால் வாசலில் வேப்பிலை செருக வேண்டும். அதைப் பார்த்தால் யாரும் படியேற மாட்டார்கள். வீட்டில் தாளிக்கக் கூடாது. வெளியாளுக்கு எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. வளவில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான்.

ஆனால் வேப்பிலையைக் கண்டால் நகராட்சியிலிருந்து அம்மை குத்த வருகிற உடையப்பனும் நின்றுவிடுவார். நோட்டில் எழுதுவார். மறுநாள் பிள்ளையை ஊருக்கு வெளியே, வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட அம்மைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சிறுவயதில் என்னையும் என் தங்கையையும் ஒரே வண்டியில் அங்கே கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது வண்டியில் நான் மட்டும் இருந்தேன்.

அதனால் வேப்பிலையைப் பேச்சாயியின் பாய்க்கு அடியில் போட்டேன். வாசலில் ஒரு கொத்துகூட இல்லை. அதோடு விட்டேனா? மணம் வளவெங்கும் போகட்டும் என்று கடுகும் வெங்காயமும் போட்டுத் தாளித்தேன்.

"ஏன்டி, ஆத்தா இருக்கிற வீட்டுல இது அடுக்குமா?" என்று என் வீட்டுக்காரர் சோலைமுத்து பதறினார்.

"ஆத்தா பொறுத்துக்குவா. உடையப்பன் பொறுக்க மாட்டான்" என்றேன். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, நிலக்கோட்டைப் பூக்கூடைகளை இறக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

அந்த மணத்தை நம்பித்தான் கமர்ஜஹான் உள்ளே வந்தாள். எதிர் வீட்டுக்காரி, புருஷன் சௌகத் அலிக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. இடுப்பில் எட்டு மாதப் பெண் பிள்ளை மெஹராஜ், கையில் உறைமோருக்கு ஒரு கிண்ணம். நான் தடுப்பதற்குள் பிள்ளையைப் பேச்சாயியின் பாயில் இறக்கிவிட்டாள். பேச்சாயி தலையோடு போர்த்திக் கிடந்தாள். குழந்தை அந்தப் போர்வையை இழுத்து வாயில் வைத்துச் சப்பியது.

"என்னக்கா பிள்ளைக்கு?"

"காய்ச்சல்தான். இம்புட்டு வெயில்ல ஆடுனா வராம என்ன செய்யும்?"

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. உடையப்பன். நான் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றேன். கமர்ஜஹானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

"ஏம்மா மூக்காயி, வீட்டுல யாருக்கும் அம்மை கிம்மை இருக்கா?"

கமர்ஜஹான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "இல்லைங்க. இப்பத்தான் உள்ள இருந்து வாரேன். வெறும் காய்ச்சல்."

அவர் மெஹராஜைப் பார்த்தார். "இதுக்குக் குத்தியாச்சா?" இல்லை என்றதும் பெட்டியைத் திறந்தார். கமர்ஜஹான் தயங்கி என் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா, குத்திக்கவா?"

குத்துவதென்றால் அவர் அங்கே செத்த நேரம் உட்கார வேண்டும். உள்ளே பேச்சாயி முனக ஆரம்பித்திருந்தாள்.

"பல்லு மொளைக்கிற பிள்ள. இங்கன யாருக்கும் ஒண்ணும் இல்லையே, என்ன அவசரம்? அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றேன்.

நான் சொன்னால் அவள் கேட்பாள். அவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பேச்சாயி தேறினாள். காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது என்று சொல்லி அவளை வெளியே விடாமல் வைத்திருந்தேன். அம்மை இறங்கி மூன்றாம் முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று குடத்தோடு கிணற்றுக்குக் கிளம்பிய நான், எதிர் வாசலைப் பார்த்து நின்றுவிட்டேன். கமர்ஜஹான் வீட்டு நிலையில் ஒரு வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

அவள் வெளியே வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அங்கனயே நில்லுங்கக்கா. மெஹராஜுக்கு மேலெல்லாம் போட்டிருக்கு. உடையப்பன் அய்யாவுக்கும் சொல்லி அனுப்பிட்டோம். எங்கள்ல இந்த இலை கட்டுற வழக்கமில்ல. இதப் பாத்தா யாரும் உள்ள வர மாட்டாங்கன்னு நீங்கதான சொல்லுவீங்க? தெரியாம ஒருத்தர் வந்துட்டா பாவமில்லையா? உங்க வீட்டுலயும் சின்னப்பிள்ள இருக்கு."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் மகள்தான் பின்னாலேயே வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு கமர்ஜஹானிடம், "சின்னம்மா, பாப்பா எங்க?" என்று கேட்டாள். பதினெட்டு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் வெயில் பட்டது. நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் புதுத் தழும்பு.

கமர்ஜஹான் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான் கமரு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். படியிறங்கி வந்து பேச்சாயியின் கையைப் பிடித்தாள்.

"நீ வா தாயி. உனக்குத்தான் வந்துட்டுப் போயிருச்சே. நான் தண்ணி எடுத்துட்டு வார வரைக்கும் பாப்பா பக்கத்துல உக்காந்து விசிறு."

"நானும் வாரேன் கமரு. எனக்கும் சின்ன வயசுல வந்ததுதான்" என்றேன்.

"நீங்க வேண்டாம்க்கா."

இருவரும் உள்ளே போனார்கள். நான் குடத்தோடு வெளியே நின்றேன்.

கொட்டகைக்குக் கொண்டுபோன மெஹராஜ் பிழைத்துத் திரும்பிவிட்டாள். வலது கண் போய்விட்டது. பேச்சாயிதான் தினமும் போய் அவளைக் கைப்பிடித்து நடக்கப் பழக்கினாள். வேப்பிலையை எடுத்து வெகு நாளான பிறகும் நான் அந்தப் படியை ஏறவில்லை. கமர்ஜஹானும் கூப்பிடவில்லை. பிள்ளை நடப்பதை எங்கள் வாசலில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.